மாவுப்பூச்சிக்குள் வளரும் குளவி

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரச் செம்மண் கொல்லைகளில் பப்பாளி, செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் ஆகியவை அருகருகே நிற்கும் இடங்களில், ஒரு செடியில் துரத்தப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கு அடுத்த செடியில் இடம் கிடைத்துவிடுகிறது. செதில் பூச்சிகளின் பெருங்குலத்தைச் சேர்ந்த இதன் தாயகம் மெக்சிகோ. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட இப்பூச்சி, ஈராண்டுக்குள் தமிழகத்தின் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைப் பெரும் நட்டத்தில் ஆழ்த்தியது.

இறகற்ற பெண் பூச்சியின் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதன் மஞ்சள் உடல்மீது மாவைத் தூவியதுபோல் மெழுகு படிந்திருக்கும். முட்டைகளும் பஞ்சுபோன்ற மெழுகுப் பைக்குள்ளேயே கிடக்கும். தெளித்த மருந்து மெழுகில் பட்டு வழிந்தோட, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள் அம்மருந்துக்குப் பலியாக, பூச்சி மேலும் பெருகியதே மிச்சம். சாற்றை உறிஞ்சி அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து, இலை அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது.

தாயகத்தில் அடங்கிக் கிடந்த பூச்சி இங்கே அடங்காததற்குக் காரணம், அதன் எதிரிகள் உடன் வராததே. ஆகவே பெங்களூரிலுள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. மூன்றில் நன்றாக நிலைகொண்டது அசிரோபேகஸ் பப்பாயே.

குளவி என்றதும் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். ஆனால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமுடைய இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உருவினது, மனிதரைக் கொட்டுவதுமில்லை. பெண் குளவி தன் உணர்கொம்புகளால் மாவுப்பூச்சியின் இளம் குஞ்சைத் தட்டிப் பார்த்து, ஊசிபோன்ற முட்டையிடும் உறுப்பை உட்செலுத்தி முட்டை வைக்கிறது. பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகள் தம்மைச் சுமக்கும் உயிரைப் பொதுவாகக் கொல்வதில்லை. இதன் புழுவோ உள்ளிருந்தே தின்று கொன்றுவிடுகிறது. பூச்சியின் உடல் உப்பி, தடித்து, பழுப்பு நிறக் கூடாக மாறுகிறது; சுமார் இரண்டு வாரங்களில் வளர்ந்த குளவி அதில் வட்டமாகத் துளையிட்டு வெளியேறுகிறது.

குளவியை விட்ட தோட்டத்தில் மருந்தடிப்பை நிறுத்துவது எளிதாகச் சொல்லப்பட்டாலும், கண்ணெதிரே வெள்ளை படர்ந்திருக்கையில் தெளிப்பானைத் தொடாமலிருப்பது உழவருக்குச் சிறிய காரியமன்று. அடுத்த தலைமுறைக் குளவி முட்டையிடக் கொஞ்சம் மாவுப்பூச்சி மிஞ்சியாக வேண்டும் என்பதும் அவர் மனம் எளிதில் ஏற்கும் கணக்கன்று. பூச்சி பிடித்த இலைகளைப் பறித்துக் கொளுத்தும் பழக்கத்தால் குளவியும் சேர்ந்து அழியக்கூடும். துளையுள்ள பழுப்புக் கூடு வெறுங்கூடு. துளையில்லாத கூட்டுக்குள் குளவி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கக்கூடும்.