வைக்கோல் போருக்குள் ஒரு கோட்டை!

வைக்கோல் போருக்குள் எலி குடியிருக்கும். கோழி முட்டை இடும். மனிதர்கள் குடியிருப்பார்களா?

குடியிருந்தார்கள்! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 4 ஆண்டுகள்!

இது நடந்தது இங்கிலாந்தில். லண்டனுக்குத் தெற்கே உள்ள சர்ரே மாவட்டத்தில் ஒரு விவசாயி இருந்தார். சொந்தமாகப் பண்ணை வைத்திருந்தார். அதில் வீடு கட்ட ஆசைப்பட்டார். சாதாரண வீடு அல்ல. அந்தக் காலத்து ராஜாக்களின் கோட்டையைப் போன்ற வீடு!

சொந்த நிலம். சொந்தப் பணம். பிறகு என்ன தடை?

நகரசபையின் அனுமதி வேண்டுமே!

இங்கிலாந்தில் 1948-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் விண்ணப்பம் எழுத வேண்டும். வீட்டின் பிளான், நிலத்தின் வரைபடம் இரண்டையும் சேர்த்து, கட்டணமும் கட்ட வேண்டும்.

உடனே நகரசபை அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் எழுதும். அல்லது அந்த இடத்தில் அறிவிப்பு ஒட்டும். ஆட்சேபம் சொல்ல 21 நாள் தவணை. "எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் வராது" என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதலாம். சிறிய கட்டிடம் என்றால் 8 வாரத்தில் முடிவு சொல்லவேண்டும். "முடியாது" என்று சொல்லிவிட்டால் அப்பீல் செய்யலாம். அதற்குக் கட்டணம்கூடக் கிடையாது.

ஆனால் விவசாயியின் பண்ணை இருந்த இடம் அப்படிப்பட்டது. லண்டன் நகரம் நாலா பக்கமும் வீங்கி, வயலையும் தோப்பையும் விழுங்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காக நகரைச் சுற்றி ஒரு பசுமை வளையம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் புது வீட்டுக்கு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

சட்டத்தில் ஓர் ஓட்டை

அப்போது சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அனுமதி இல்லாமல் கட்டிய வீடாக இருந்தாலும், கட்டி முடித்து 4 ஆண்டுகள் ஆகிவிட்டால் நகரசபை அதன்மேல் கைவைக்க முடியாது!

விவசாயி அதைப் பிடித்துக்கொண்டார். 40 அடி உயரத்துக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கினார். மேலே தார்ப்பாய் போட்டு மூடினார். உள்ளே கோட்டை எழுந்தது. 2002-ல் மனைவியோடும் சிறுவயது மகனோடும் குடிபுகுந்தார்.

ஜன்னலைத் திறந்தால் வைக்கோல். எந்தப் பக்கம் பார்த்தாலும் வைக்கோல்!

ஒருநாள் பள்ளியில், "உங்கள் வீட்டைப் படமாக வரையுங்கள்" என்று குழந்தைகளிடம் சொல்ல இருந்தார்கள். அன்று மகனைப் பெற்றோர் பள்ளிக்கே அனுப்பவில்லை. அந்தப் பிள்ளை எதை வரைவான், பாவம்!

2006 ஆகஸ்டில் வைக்கோலை அகற்றினார்கள். நேற்றுவரை வைக்கோல் போர், இன்று கோட்டை!

"4 ஆண்டு ஆகிவிட்டது. இனி என்னை யாரும் அசைக்க முடியாது" என்பது விவசாயியின் வாதம்.

நகரசபை விடவில்லை. "இடித்துத் தள்ளு" என்று 2007-ல் உத்தரவு போட்டது. விவசாயி அப்பீல் செய்தார், தோற்றார். வழக்கு லண்டன் ஐகோர்ட்டுக்குப் போனது. 2010-ல் அங்கேயும் தோல்வி.

காரணம் என்ன? கட்டிடத்துக்குச் சாரம் கட்டுகிறோம். சாரத்தைப் பிரித்த பிறகுதானே வேலை முடிந்தது என்கிறோம்? வைக்கோலும் அப்படித்தான். அதை என்றைக்காவது எடுத்துவிடுவதாகத்தான் வைத்திருந்தார்கள். ஆகவே, வைக்கோலை அகற்றியதும் கட்டிட வேலையில் சேர்ந்ததே. வீடு முடிந்தது 2002-ல் அல்ல, 2006-ல்தான்!

மறைத்து வைத்ததால் அக்கம்பக்கத்தார் ஒரு வார்த்தை ஆட்சேபம் சொல்லவும் வழி இல்லாமல் போனது. முதலிலேயே விண்ணப்பம் போட்டு "முடியாது" என்ற பதில் வந்திருந்தால், நஷ்டம் ஒரு பிளானோடு போயிருக்கும்.

விவசாயி அதன் பிறகும் விடாமல் போராடினார். 2015 நவம்பரில் கோர்ட்டு கடைசியாக எச்சரித்தது: "அடுத்த ஜூன் 6-ந் தேதிக்குள் இடிக்காவிட்டால் 3 மாதம் ஜெயில்!"

2016-ல் கோட்டை இடிக்கப்பட்டது.

அவர் நம்பிய அந்த 4 ஆண்டு விதியும் இப்போது இங்கிலாந்தில் இல்லை. 2024 ஏப்ரல் 25-ந் தேதி முதல் அது 10 ஆண்டாகிவிட்டது. வேண்டுமென்றே மறைத்துக் கட்டினால், 10 ஆண்டு கழிந்த பிறகும் நகரசபை கோர்ட்டுக்குப் போகலாம்.