கடற்கரைக்குப் போகும் முன்: கடலின் நிறமும் பிள்ளைகளின் மூச்சும்

 

வரும் காலாண்டு விடுமுறையில், நம் டிரஸ்ட்டின் கல்வி உதவி பெறும் பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மார்களையும் அரியமான் கடற்கரைக்கு ஒருநாள் அழைத்துச் செல்ல நாடியுள்ளோம், இன்ஷா அல்லாஹ்.

சென்ற முறை கடற்கரைக்குப் போனபோது ஒரு சிறுவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவனுடைய இன்ஹேலர் வீட்டில் இருந்தது. நோயைச் சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்து அவனுடைய உம்மா எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, தவறு எங்களுடையதுதான். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்ததும் சரியானது, அல்ஹம்துலில்லாஹ். அன்று கடல் தெளிவாகத்தான் இருந்தது. பாசி படர்ந்த நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறோம்.

கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் எப்போதும் உண்டு. வெப்பம், சத்து, நீரோட்டம் எல்லாம் ஒத்துவரும்போது அவை கோடிக்கணக்கில் பெருகி, தண்ணீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ பச்சையாகவோ மாறிவிடும். இதை ஆங்கிலத்தில் ‘ரெட் டைட்’ என்கிறார்கள். பெரும்பாலான பாசிகளால் தீங்கில்லை. சில வகைகள் நஞ்சைச் சுரக்கும்.

மூச்சைத் தாக்குவதில் பெயர் பெற்றது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து மேற்குக் கரை. அங்கே பெருகும் ‘கரேனியா பிரேவிஸ்’ என்னும் பாசியின் உயிரணுக்கள் அலையில் அடிபட்டு உடையும்போது நஞ்சு வெளிவரும். அது நீர்த்திவலைகளோடு கலந்து காற்றில் கரைக்கு வரும். தண்ணீரில் கால் வைக்காதவருக்கும் கண் எரியும், தொண்டை கரகரக்கும், இருமல் வரும். நல்ல உடல்நிலை உள்ளவருக்குக் கரையை விட்டு நகர்ந்ததும் சரியாகிவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு வீடு திரும்பிய பிறகும் நெஞ்சு இறுக்கம் நீடிக்கலாம். 2017 இறுதியில் தொடங்கிய பெருக்கம் ஓராண்டுக்கு மேல் நீடித்ததால், 2018 ஆகஸ்டில் அம்மாநில ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். எந்தக் கரையில் இன்று இருமல் இருக்கிறது, எங்கே மீன் செத்துக் கிடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அங்குள்ளவர்கள் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள்.

பக்கத்தில் கேரளாவிலும் 2004 செப்டம்பரில் கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரை கடலிலிருந்து குமட்டும் வாடை வீசி, பிள்ளைகள் உட்படப் பலருக்கு வாந்தி உணர்வும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டன. பாசிப் பெருக்கமே அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டது.

நம் மன்னார் வளைகுடாவில் வருவது வேறு வகை. ‘நாக்டிலூகா’ என்னும் இதை நம் மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இது ஃபுளோரிடா பாசியைப் போன்ற மூச்சு நஞ்சைச் சுரப்பதில்லை. ஆனால் நீரிலுள்ள ஆக்ஸிஜனைக் குறைத்து, அமோனியாவைக் கூட்டி, மீன்களைக் கொல்லும். பாசியும் மீனும் அழுகும் வாடை இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. செப்டம்பர், அக்டோபரில்தான் இது தலைகாட்டுவது வழக்கம். நம் பயணமும் அந்த நாட்களில்தான் வருகிறது.

ஒதுங்கிய மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலில் தானாகச் செத்த மீன் ஷாஃபிஈ மத்ஹபில் ஹலால். செத்து மிதக்கும் மீன் ஹனஃபி மத்ஹபில் கூடாது. ஆனால் உடலுக்குக் கேடு செய்வதை உண்ணக்கூடாது என்பதில் இரு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பாசி நஞ்சு சமைத்தாலும் போகாது. 1981இல் கல்பாக்கம் அருகே வயலூரில் அப்படி நஞ்சேறிய மட்டியைச் சாப்பிட்டு மூவர் இறந்தார்கள். ஆகவே கரையில் கிடக்கும் மீனையோ மட்டியையோ யாரும் எடுத்துவர வேண்டாம்.

பயணத்துக்கு நாங்கள் செய்துள்ள ஏற்பாடுகள்:

1. முதல்நாள் மாலையும் புறப்படும் அன்று சுபுஹுக்குப் பிறகும் அங்குள்ள மீனவச் சகோதரர்களிடம் விசாரிப்போம்: தண்ணீர் நிறம் மாறியிருக்கிறதா, மீன் ஒதுங்குகிறதா, வாடை இருக்கிறதா, காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறதா?

2. தென்கடலில் பாசி இருந்தாலும் வடகடல் தெளிவாக இருக்கலாம். அரியமான் வடகடல் பக்கம் இருப்பதால்தான் அதைத் தேர்ந்தோம். அங்கும் சரியில்லை என்றால் கடலை விட்டு உள்ளே தள்ளியுள்ள தோப்பில் பொழுதைக் கழிப்போம். சாப்பாடும் விளையாட்டும் குறையாது.

3. இழுப்பு உள்ள பிள்ளைகளின் இன்ஹேலரும், பயன்படுத்துபவர்களுக்கு ஸ்பேசரும், மருத்துவர் எழுதித் தந்த சீட்டும் உம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் பஸ்ஸில் வைக்காதீர்கள். மருந்து தீர்ந்துவிட்டதா என்று முன்பே பாருங்கள். வாங்க வசதியில்லை என்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள். டிரஸ்ட் வாங்கித் தரும். விஷயம் வெளியே போகாது.

4. கரையில் இருமல், கண் எரிச்சல் தொடங்கினால் உடனே அந்தப் பிள்ளையைக் காற்றடிக்கும் பக்கத்திலிருந்து விலக்கி உள்ளே அழைத்துச் செல்லுங்கள். இன்ஹேலர் கொடுத்தும் அடங்காவிட்டால், முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், விலா உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் தாமதிக்காமல் 108க்கு அழைக்க வேண்டும்.

5. இம்முறை பெயர் கொடுக்கும் படிவத்தில் பிள்ளையின் நோய், மருந்து பற்றிக் கேட்டுள்ளோம். தயவுசெய்து மறைக்காதீர்கள். சொன்னதற்காக எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். ஒரு பிள்ளைக்குக் கடல் ஆகாது என்றால், அந்தப் பிள்ளைக்காக எல்லோருமே இடத்தை மாற்றிக்கொள்வோம்.

‘எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான், எதற்கு இவ்வளவு விசாரணை?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதானே நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழி என்றோம். சிரித்துக்கொண்டே தன் பேரனின் இன்ஹேலரைப் பற்றிப் படிவத்தில் எழுதித் தந்துவிட்டுப் போனார்.

தகப்பனை இழந்த பிள்ளைகள் வருடத்தில் ஒருநாள் மணலில் ஓடி விளையாடட்டும். போன பிள்ளைகள் அனைவரும் ஸலாமத்தாக வீடு திரும்பட்டும். துஆ செய்யுங்கள்.