இதய நோயாளியின் வீட்டில் அடினியம் வளர்க்கலாமா?

பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவர், இதயச் செயலிழப்புக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர், அண்மையில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். மருந்துச் சீட்டுடன் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றையும் காட்டினார். மொட்டை மாடியில் வரிசையாகத் தொட்டிகள். அவற்றில் இளஞ்சிவப்புப் பூக்களுடன் அடினியம் செடிகள். "இதன் பால் நஞ்சாம், தூக்கி எறியுங்கள் என்கிறார்கள் வீட்டில். எறியத்தான் வேண்டுமா, டாக்டர்?" என்று கேட்டார். உடன் வந்த மருமகள், "மாமாவுக்கு அந்தச் செடிகள்தான் பொழுதுபோக்கு. ஆனால் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறதே" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அவர்களுக்கு நாங்கள் கூறிய விடையையே இங்கே சற்று விரிவாகத் தருகிறோம்.

செடியும் அதன் உறவும்

பாலைவன ரோஜா என்று நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் அடினியம், ரோஜாவுக்கு உறவன்று. அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலங்களும் அரேபியத் தீபகற்பத்தின் தென்பகுதியும் இதன் தாயகம். ஏமன் நாட்டின் ஏடன் நகரே இதன் பெயருக்கு மூலம். மழை அரிதான நிலத்தில் பிழைப்பதற்காக, பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. இந்த இயல்பை மனத்தில் கொண்டால், வளர்ப்பு முறை முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

மருந்தும் நஞ்சும்

அடினியத்தின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாக அதன் பாலில், இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் வேட்டைக்காரர்கள் இந்தப் பாலை அம்பு முனைகளில் தடவிவந்தனர். அரளியின் நஞ்சும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இதய நோயாளிகள் சிலருக்கு நாங்கள் எழுதித் தரும் டிஜாக்சின் மாத்திரையும் இதே வகைப் பொருள்தான். அது டிஜிடாலிஸ் என்னும் செடியினத்திலிருந்து பெறப்படுகிறது. அச்செடியின் இலை உடல் வீக்கத்தைக் குறைப்பதை ஆராய்ந்து, வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். இதயத் தசை உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் நுண்ணிய பம்பு ஒன்று உண்டு. இவ்வகைப் பொருள்கள் அதனைத் தடுக்கின்றன. அதன் விளைவாக உயிரணுவுக்குள் கால்சியம் கூடுகிறது. இதயம் வலுவாகச் சுருங்குகிறது. துடிப்பின் வேகம் குறைகிறது. அளவு மிஞ்சினால், துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும். அல்லது தாளம் தவறும்.

மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. அதனாலேயே டிஜாக்சினை மைக்ரோகிராம் கணக்கில் அளந்து தருகிறோம். சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்தப் பொட்டாசியத்தையும் சோதிக்கிறோம். செடியின் பாலிலோ இலையிலோ அத்தகைய அளவு ஏதுமில்லை. ஆகவே, இச்செடியின் எந்தப் பாகத்தையும் கைவைத்தியமாக உட்கொள்ளக் கூடாது. டிஜாக்சின் எடுத்துக்கொள்வோருக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து இன்னும் மிகுதி.

வளர்க்கும் முறை

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். நிழலில் கிளைகள் நீளும், பூ வராது. தொட்டியின் அடியில் துளை அவசியம். மண்கலவை நீரைத் தேக்காததாக இருக்க வேண்டும்: ஆற்றுமணல், செங்கல் சல்லி ஆகியவை பாதிக்கு மேலும், மண்புழு உரமும் சிறிது செம்மண்ணும் மீதியுமாகக் கலக்கலாம். களிமண் ஆகாது.

மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது எளிய சோதனை. ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றி, மீண்டும் காயும்வரை காத்திருக்கவும். நம் வீடுகளில் இச்செடி மடிவதற்கு முதன்மைக் காரணம், அன்போடு நாள்தோறும் ஊற்றப்படும் தண்ணீரே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டிகளை மழை படாத இடத்திற்கு மாற்றிவிட வேண்டும். அடித்தண்டை அழுத்தும்போது மெத்தென்று அமுங்கினால் அழுகல் தொடங்கியிருக்கலாம். அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, காயத்தைச் சில நாள்கள் நிழலில் உலர்த்தி, புதிய உலர்ந்த கலவையில் நட்டால் செடி பிழைக்கக்கூடும்.

புதிய கிளைகளின் நுனியிலேயே பூ வரும். ஆகவே, குளிர் விலகி வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கவாத்து செய்தால் கிளைகளும் பூக்களும் பெருகும். விதையிலிருந்து வளர்த்த செடியே அழகிய பருத்த அடித்தண்டைப் பெறும். மாவுப்பூச்சி கண்டால், சில துளி சோப்புக் கரைசல் சேர்த்த வேப்பெண்ணெய் நீரை மாலையில் தெளிக்கலாம்.

கவாத்து செய்யும்போதும் தொட்டி மாற்றும்போதும்தான் பால் வடியும். செடியைப் பொறுத்தவரை கவனம் மிக வேண்டிய வேளை அதுவே. ரப்பர் கையுறை அணிந்துகொள்ளுங்கள். கண்ணையும் வாயையும் தொடாதீர்கள். வெட்டிய துண்டுகளை உடனே மூடிய பையில் இட்டு அப்புறப்படுத்துங்கள், ஆடுமாடுகள் மேயும் இடத்தில் வீசாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். கத்தியையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

மார்பெலும்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை மண் நிரம்பிய தொட்டியைத் தூக்கவோ இழுக்கவோ கூடாது. பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் தொடக்க வாரங்களில் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர் கத்தி வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் மாடிக்குச் செல்லாதீர்கள். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களும் புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர்களும் மண்ணைக் கிளறும் வேலையைத் தவிர்ப்பது நல்லது. மண்ணிலுள்ள பூஞ்சைகள் அவர்களுக்குத் தொற்றை உண்டாக்கலாம். மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால், தொட்டிகளைக் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த மூச்சுத்திணறலை எங்களிடமும் சொல்லுங்கள்.

வாயில் போய்விட்டால்

குழந்தை இலையையோ பூவையோ மென்றுவிட்டால், வாயில் எஞ்சியதை எடுத்துவிட்டு, நீரால் வாயைக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்பு நீர், புளிக்கரைசல் போன்ற எதையும் புகட்டாதீர்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், சோர்வு, நாடித்துடிப்பு குறைதல் அல்லது தாறுமாறாதல் ஆகியவை அறிகுறிகள். அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இதயத் துடிப்பில் மாற்றம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். 108 எண்ணை அழையுங்கள். செடியின் சிறு கிளையை ஒரு பையில் இட்டு உடன் கொண்டுவந்தால், எங்களுக்கு அடையாளம் காண்பது எளிதாகும். கண்ணில் பால் பட்டால், ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வாருங்கள்.

பெரியவரிடம் செடிகளை எறிய வேண்டாம் என்றே சொன்னோம். மாடிக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுவது, கவாத்து வேலையை மகன் கையுறை அணிந்து செய்வது, நீர் ஊற்றுவது மட்டும் பெரியவர் பொறுப்பு என்று குடும்பத்தார் முடிவு செய்தனர். அவர் உட்கொள்வதும் டிஜாக்சின்தான். "என் மாத்திரையும் இந்தப் பாலும் ஒரே இனமா!" என்று வியந்தவரிடம், அதனால்தான் மாத்திரையைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சொல்லியனுப்பினோம். அடுத்த முறை வரும்போது, மாத்திரைப் பெட்டியுடன் பூத்த செடியின் படத்தையும் கொண்டுவருவதாகக் கூறிச் சென்றிருக்கிறார்.