ஓடுவதும் நிற்பதும்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் இரு வகையினர். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போவதற்காக வைத்திருப்பவர்கள் ஒரு வகை. போகுமிடம் எதுவானால் என்ன, ஓட்ட வேண்டும் என்பதற்காகவே வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினருக்குத் தீராத ஆசை ஒன்று உண்டு. வாரம் முழுவதும் உத்தியோகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் அதே வண்டியை, விடுமுறை நாளில் பந்தயப் பாதையிலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதே அது.

இந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள ஜெர்மனி தேசத்தில் விசேஷமான இடம் ஒன்று இருக்கிறது. ஐஃபெல் மலைப் பிரதேசத்தில் 1927-ஆம் வருஷம் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் பந்தயப் பாதைதான் அது. அதன் வடக்கு வளையம் மட்டும் 20.8 கிலோமீட்டர் நீளம். காட்டினூடே ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும் அப்பாதையில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். 1976-ஆம் வருஷம், முந்திய ஆண்டு உலக சாம்பியன் பட்டம் பெற்ற நிக்கி லாடா இங்கேதான் நெருப்பில் சிக்கி உயிர் தப்பினார். அதன் பிறகு பார்முலா 1 பந்தயம் அந்த வளையத்தை விட்டு அகன்றது. பொதுமக்கள் மட்டும் அகலவில்லை. அதற்கென்று ஒதுக்கிய நேரங்களில் கட்டணம் செலுத்தினால், லைசென்ஸும் சாலைக்குரிய வண்டியும் உள்ளவர்கள் உள்ளே போகலாம். சட்டத்தின் கண்ணுக்கு அது பந்தயமன்று. ஒருவழிச் சுங்கச் சாலை. சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கெடுக்கக் கூடாது. இடப் புறமாகத்தான் முந்த வேண்டும். ஓரத்து இரும்பு வேலியை முறித்தவர் அதன் கிரயத்தையும் கொடுத்தாக வேண்டும்.

இத்தகைய காரியத்துக்குப் பெயர்போன சிறு வண்டி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா கம்பெனியார் 1989-ஆம் வருஷம் சிக்காகோ கண்காட்சியில் வெளியிட்ட எம்.எக்ஸ்.-5 என்ற வண்டி அது. இரண்டே ஆசனம், மடக்கி வைக்கக்கூடிய கூரை, 1.6 லிட்டர் யந்திரம். சுமார் 115 குதிரைச் சக்தி. எடையோ ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. 2016-ஆம் வருஷத்துக்குள் இந்த வரிசையில் பத்து லட்சம் வண்டிகள் தயாராகிவிட்டன.

இவ்வண்டியை வாங்கிய இளைஞர் முதலில் என்ன கேட்கிறார்? “யந்திரத்தின் சக்தியை எப்படி அதிகமாக்குவது?” என்றுதான். நமது அபிப்பிராயத்தில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. “எப்படி நிறுத்துவது?” என்பதே முதற் கேள்வி. காரணத்தைச் சொல்லுகிறோம்.

வகுப்பில் பௌதிக பாடம் நடத்தும்போது மாணாக்கர்களுக்கு நாம் போட்டுக் காட்டும் கணக்குத்தான் இது. வேகம் இரு மடங்கானால் வண்டியில் அடங்கிய இயக்க சக்தி நான்கு மடங்காகிறது. பிரேக்கை மிதிக்கும்போது அந்தச் சக்தி எங்கும் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. பெரும்பாலும் பிரேக்கில் உஷ்ணமாக மாறுகிறது. ஓட்டுபவரோடு சேர்த்து வண்டியின் எடை 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதை நிறுத்துவதில் பிறக்கும் உஷ்ணம், ஏறக்குறைய மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வீட்டு அடுப்பில் இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். இங்கோ சில விநாடிகளில் அவ்வளவு உஷ்ணமும் நான்கு இரும்புத் தட்டுகளில் இறங்குகிறது. அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

இந்த உஷ்ணத்தில் முதலில் கைவிடக்கூடியது பிரேக் எண்ணெய். சாலை வண்டிகளில் சாதாரணமாக ஊற்றும் டாட் 4 என்ற ரகத் திரவம், புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். திரவம் கொதித்தால் ஆவி உண்டாகிறது. திரவம் அழுத்தத்துக்கு அசையாது. ஆவியோ பஞ்சுபோல் அமுங்கிவிடும். கால் மிதிக்கிறது, பெடல் தரை வரை போகிறது, வண்டி நிற்பதில்லை! ஆகவே பந்தயப் பாதைக்குப் போகுமுன் பழைய திரவத்தை வடித்துப் புதியதை ஊற்றுவதே முதல் சீர்திருத்தம். செலவும் அற்பம். அதற்கு அடுத்தபடி, அதிக உஷ்ணம் தாங்கும் பிரேக் பேடுகள். அதற்கும் மேலே வேண்டுவோர், பின்னால் வந்த 1.8 லிட்டர் எம்.எக்ஸ்.-5 வண்டியின் பிரேக்கை எடுத்துப் பழைய வண்டியில் பொருத்துகிறார்கள். முன் தட்டின் விட்டம் 235 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆகிறது.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. இந்த வண்டி பந்தயப் பாதையிலேயே குடியிருக்கப் போவதில்லை. சாலை வழியே வந்தது, சாலை வழியே வீடு திரும்ப வேண்டும். பாதைக்குச் செய்யும் ஒவ்வொரு மாறுதலும் சாலையிடமிருந்து ஏதேனும் ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. பந்தயத்துக்கென்றே செய்த பேடுகள் சூடேறிய பின்பே நன்றாகப் பிடிக்கும். குளிர்ந்த காலையில் முதல் சந்திப்பில் அவற்றை நம்புவது ஆபத்து. கடினமான ஸ்பிரிங்குகள் வழுவழுப்பான பாதையில் வண்டியைச் சாயாமல் நிறுத்தும். குண்டும் குழியுமான சாலையிலோ டயரைத் தரையிலிருந்து துள்ள வைக்கும். பள்ளமில்லாத வழுக்கை டயர் உலர்ந்த தரையைக் கவ்விப் பிடிக்கும். மழை பெய்தால் தண்ணீரின் மேல் மிதக்கும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளையம், தலைக்கவசம் அணியாமல் சாலையில் போகிறவரின் மண்டையையே பிளக்கக்கூடும். அதற்குத் தக்க உறை போட வேண்டும்.

இது கருதியே ஜெர்மனியில் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. முன்பே அங்கீகாரம் பெறாத ஸ்பிரிங்கையோ சக்கரத்தையோ பிரேக்கையோ பொருத்தினால், பரிசோதகரிடம் வண்டியைக் காட்டிப் பத்திரத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் சாலையில் ஓட்டும் உரிமையே போய்விடலாம். எனவே சாலைக்கும் பாதைக்கும் நடுத்தரமான பேடும் ஸ்பிரிங்கும் டயரும் தேடிக்கொள்வதே புத்திசாலிகளின் வழி.

மாற்றுவது ஒரு நாள் வேலை. பேணுவதோ ஓயாத வேலை. புறப்படுமுன் சக்கர நட்டுகளை முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரால் சோதிக்க வேண்டும். பேடின் கனம், என்ஜின் ஆயிலின் மட்டம், ரேடியேட்டர் குழாய்கள் இவற்றைப் பார்க்க வேண்டும். யந்திரத்தின் டைமிங் பெல்ட்டை 96,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது வழக்கம். பழைய வண்டி வாங்கியவர் அது மாற்றப்பட்டதா என்று விசாரிப்பது நலம். கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, தட்டுகளை ஆற விட வேண்டும். நிறுத்தியதும் கைப்பிரேக்கைப் போட்டுவிடக் கூடாது. கொதிக்கும் தட்டைப் பேடு கவ்விக்கொண்டிருக்கும். மற்றொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாதையில் டயர் சூடேறிக் காற்றழுத்தம் உயர்வதால், கொஞ்சம் காற்றை இறக்கி விடுவது வழக்கம். ஆறிய பிறகு அது சாலைக்குப் போதாது. வீட்டுக்குக் கிளம்புமுன் மறுபடி காற்று நிரப்பியே தீர வேண்டும்.

யந்திரத்தின் சக்தியைக் கூட்டுவது எப்போது? நிறுத்தவும் திருப்பவும் வண்டி தயாரான பின்பு. அதை ஓட்டுபவரும் நல்ல ஆசான் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகிய பின்பு.

நூர்பர்க்ரிங்கின் வாயிலைத் தாண்டினால் இருவழிச் சாலை. சிறிது தூரத்தில் கிராமங்கள். அங்கே சைக்கிளில் வரும் சிறுவனுக்கு இந்த வண்டியின் குதிரைச் சக்தி எவ்வளவு என்பது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவன் குறுக்கே வந்தால் அது நிற்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் பாதையில் சூடேறிய அதே பிரேக்குதான் மாலையில் அவனுக்காகவும் பிடிக்க வேண்டும். வண்டியைத் திருத்தியமைக்க உட்காருகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்பானரைக் கையில் எடுப்பார்களாக!