பேசும் முகத்தைப் படமாக்கல்: உடப்புக் கடற்கரையில் ஒரு செயற்றிட்டம்

மாணவர்களே, ஒருவர் கமராவின் முன்னிருந்து பேச, அவருடைய முகமும் தோளும் மட்டும் சட்டகத்தினுள் தெரியும் வீடியோவை "பேசும் முகம்" எனலாம். யூரியூப்பில் முதன்முதலாகப் பதிவேற்றப்பட்ட வீடியோவும் இவ்வகையினதே. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான ஜாவெட் கரீம், 2005 ஏப்ரல் 23 இல் பதிவேற்றிய அவ்வீடியோவில் மிருகக்காட்சிச்சாலை யானைகளின் முன் நின்று 19 செக்கன்கள் பேசுகின்றார். படமும் ஒலியும் சுமார்தான். முதலாவது என்பதால் உலகம் பொறுத்துக்கொண்டது. உங்கள் வீடியோவை அப்படிப் பொறுக்கமாட்டார்கள்.

புத்தளம் மாவட்டத்தின் உடப்பை எடுத்துக்கொள்வோம். அங்கு கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் பெயர்பெற்றவை. பலர் ஒரே கணத்தில் கயிற்றை இழுப்பதற்குப் பாட்டின் தாளமே உதவுகின்றது. இலங்கையின் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்சால் வலையை இழுக்கும் முறையும் பின்னர் வந்தது. வின்சுக்கு அம்பா தேவையில்லை. ஆகவே பாடத் தெரிந்த ஒரு பெரியவரைப் பேசவைத்துப் பதிவு செய்வது வெறும் பயிற்சியன்று. பிந்தினால் கிடைக்காமற் போகக்கூடிய ஒன்றைச் சேமிப்பதாகும்.

முதலில் வினாக்களைத் தயாரியுங்கள். "நீங்கள் வலை இழுத்திருக்கிறீர்களா?" என்றால் "ஓம்" என்ற ஒரு சொல்லே விடையாகும். "தாத்தா, முதன்முதல் கயிறு பிடித்த நாளைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் கதை வரும். உங்கள் குரல் பின்னர் வெட்டப்படும் என்பதால், வினாவையும் சேர்த்து விடை சொல்லுமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிக்கொடுத்து வாசிக்கச் செய்ய வேண்டாம். வாசிப்பவரின் கண் அசைவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஒளி. உடப்பின் கடல் மேற்கே உள்ளது. மாலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியனும் பேசுபவரின் பின்னால் நிற்கும், முகம் கருநிழலாகிவிடும். காலை 7 மணியளவில் அதே இடத்தில் அவரை இருத்தினால், கிழக்கிலிருந்து வரும் ஒளி முகத்தில் விழும், கடலும் பின்னே தெரியும். நண்பகலில் கண்களுக்குக் கீழே நிழல் விழும் என்பதால் அந்நேரத்தைத் தவிர்க்க. கைத்தொலைபேசியைக் கிடையாக, பேசுபவரின் கண்மட்டத்தில், முக்காலியில் பொருத்துக.

வீட்டினுள் மின்விளக்கில் எடுப்பதாயின் வேறொரு சிக்கல் உண்டு. இலங்கையின் மின்வழங்கலின் மீடிறன் 50 ஹேட்ஸ். இதனால் சில விளக்குகளின் ஒளி செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கமராவைச் செக்கனுக்கு 25 சட்டகங்கள் என அமைத்தால் படம் மினுங்குவது பெரும்பாலும் குறையும்.

மாணவர் பலர் கோட்டை விடுவது ஒலியில்தான். மங்கலான படத்தைப் பார்ப்பவர் பொறுப்பார், பேச்சு கேட்காவிட்டால் உடனே நிறுத்திவிடுவார். திறந்த வெளியில் ஒலிச்செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறு விகிதசமனாகும். 3 மீற்றரில் இருந்த ஒலிவாங்கியை 30 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் தூரம் பத்திலொன்றாகும், செறிவோ 100 மடங்காகும். அலையின் இரைச்சல் மாறாதிருக்கப் பேச்சு மட்டும் மேலெழும். ஆகவே சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி பயன்மிக்கது. அது இல்லையேல், இரண்டாவது கைத்தொலைபேசியைப் பேசுபவரின் மடியில் வைத்து ஒலியைத் தனியாகப் பதியலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்துவது இலகு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வீசும். அக்காலத்தில் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போட்டாலும், சுவரின் மறைவில் எடுப்பதே நன்று.

தொகுத்தலுக்கு ஓப்பின்சொட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். தடுமாற்றங்களை வெட்டும்போது படம் துள்ளும். அவ்விடங்களில் பேச்சை ஓடவிட்டு, மேலே கயிறு, மடி, இழுக்கும் கைகள் ஆகியவற்றின் காட்சிகளை இடுக; வெட்டு மறைந்துவிடும். ஆனால் பெரியவர் நினைவுகூர்ந்து மௌனமாகும் கணங்களை வெட்டாதீர்கள்.

கோப்பின் அளவு பரீட்சைக்கும் உதவும் கணக்காகும். 1920 × 1080 பிக்சல், பிக்சலுக்கு 3 பைற்று, செக்கனுக்கு 25 சட்டகம் எனின், ஒரு செக்கனுக்கு 155,520,000 பைற்று, அதாவது ஏறத்தாழ 155 மெகாபைற்று. நெருக்கிய கோப்பில் செக்கனுக்கு 8 மெகாபிற்று எனின் அது 1 மெகாபைற்று மட்டுமே. 3 நிமிட வீடியோ 180 மெகாபைற்றாகும். நெருக்கல் இல்லையேல் இணையத்தில் வீடியோவே இல்லை எனலாம்.

பதிவேற்றுமுன் முடிந்த வீடியோவைப் பேசியவருக்குக் காட்டிச் சம்மதம் பெறுக. சினிமாப் பாடலைப் பின்னணியிற் சேர்க்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைப் பாதுகாக்கின்றது. நாட்டார் பாடல்களை வர்த்தக நோக்கில் பயன்படுத்துவதற்கும் அச்சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு.

பயிற்சி: மாலை 5 மணிக்கு, உடப்புக் கடலைப் பின்னணியாக வைத்து, 2 மீற்றர் தூரத்திலுள்ள கைத்தொலைபேசியின் ஒலிவாங்கியை மட்டும் கொண்டு 5 நிமிட வீடியோ எடுக்கப்பட்டது. (அ) இதிலுள்ள இரு குறைபாடுகளையும் அவற்றைத் திருத்தும் வழிகளையும் எழுதுக. (ஆ) செக்கனுக்கு 8 மெகாபிற்று எனக் கொண்டு கோப்பின் அளவைக் கணிக்க.