லால்பேட்டை வெற்றிலையை ஏற்றுமதி செய்யலாமா? கடன் வாங்கும் முன் தரவுகளை இலவசமாகப் பார்ப்பது எப்படி?

கடலூர் மாவட்டத்தில் வீராணம் ஏரியை ஒட்டியுள்ள லால்பேட்டை, வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்ற ஊர். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இவ்வூர்க்காரர்கள் பலர் உள்ளனர். "வெற்றிலையை அங்க அனுப்பினா என்ன?" என்ற யோசனை யாருக்கும் வரலாம். ஆனால், நகையை அடகு வைத்து இறங்கும் முன் சில தரவுத்தளங்களைப் பார்ப்பது அவசியம்.

கூகுள்ல தேடினா போதாதா?

கூகுளில் விளம்பரமும் பழைய செய்தியும் கலந்தே வரும். தரவுத்தளத்தில் பொருள், நாடு, ஆண்டு வாரியாகத் தகவல் இருக்கும். அதை வெளியிட்டது யார் என்பதும் தெரியும்.

எதை எங்கே பார்ப்பது?

விலை: மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தை வாரியாக விளைபொருள் விலை கிடைக்கும். ஒரு நாள் விலையை நம்பக் கூடாது. முகூர்த்த மாதத்தில் விலை ஏறும். மற்ற மாதங்களில் இறங்கும். குறைந்தது ஓராண்டு விலையைப் பார்க்க வேண்டும்.

ஏற்றுமதி: மத்திய வணிகத் துறையின் ஏற்றுமதி-இறக்குமதி தரவு வங்கியில், எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். இந்தியாவில் ஒவ்வொரு பொருளுக்கும் 8 இலக்க எச்.எஸ். குறியீடு உண்டு. தேடும்போது கவனம்: 'பீட்டல் லீஃப்' என்பதுதான் வெற்றிலை, 'பீட்டல் நட்' என்றால் பாக்கு. மாற்றிப் போட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

ஆய்வு: பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் உள்ளன. பக்கத்தில் சிதம்பரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இதில் கிடைக்கும்.

தடைகள்: விலை நன்றாக இருந்தாலும் சரக்கு திரும்பி வரலாம். சால்மோனெல்லா கிருமி காரணமாக வங்கதேச வெற்றிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் தடை விதித்தது. அது நீங்கப் பல ஆண்டுகள் ஆயின. எனவே, வாங்கும் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளை முதலில் படிக்க வேண்டும்.

காசு கட்டணுமா?

மேலே சொன்ன தளங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஐஐடி காரக்பூர் நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகத்திலும் இலவசமாகத் தேடலாம். சந்தா கட்ட வேண்டிய ஆய்விதழ்களுக்கு மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் உள்ளது. 2025 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் உண்டு. அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்கள் இவற்றைப் படிக்கலாம். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் உதவி கேட்கலாம்.

எதைக் கவனிக்கணும்?

எந்தப் புள்ளிவிவரத்திலும் மூன்றைப் பாருங்கள்: எந்த ஆண்டு, கிலோவா டன்னா, ரூபாயா டாலரா. இரண்டு தளங்களின் எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால், காரணம் தெரியும் வரை பணம் போட வேண்டாம்.