ரூஸ்வெல்ட்டின் யானைத் துப்பாக்கி

காசி யாத்திரை புறப்படுகிறவர்களின் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே கம்பளிகள் வெயிலில் காயும். பாத்திரங்கள் ஈயம் பூசப் போகும். பாட்டியம்மாள் புளிக்காய்ச்சலைக் கிளறி ஜாடியில் அடைத்து வாயை வேடு கட்டி வைப்பாள். ரயில் ஏறிய பிறகு, "அடடா, மறந்துவிட்டோமே!" என்று அங்கலாய்த்துப் பயன் என்ன? ஆயினும் காசி வழியில் மறந்த பொருளைக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். கடல் கடந்து, யானையும் காண்டாமிருகமும் உலாவும் கானகத்துக்குள் போகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் கையில் இருப்பதோ புதுத் துப்பாக்கி. அது அவன் தோளுக்குப் பழகவில்லை. அவன் கண்ணுக்கும் பழகவில்லை. அதை எவ்வாறு ஆயத்தம் செய்கிறான் என்பதைப் பொறுத்தே அவன் உயிர் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணமாக விளங்குவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாக இருந்த தியோடோர் ரூஸ்வெல்ட் 1909-ல் மேற்கொண்ட ஆப்பிரிக்க யாத்திரையாகும். இரண்டாவது உலக யுத்த காலத்து ரூஸ்வெல்ட்டை இவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் இவருக்குத் தூரத்து உறவினர். இவருடைய தம்பி மகளை மணந்தவர்.

1909-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதி ரூஸ்வெல்ட் பதவியைவிட்டு இறங்கினார். அதே மாதம் 23-ந் தேதி 'ஹாம்பர்க்' என்னும் கப்பலில் ஏறிவிட்டார். மூன்றே வாரத்தில் இத்தனை பெரிய யாத்திரைக்கு ஆயத்தம் செய்ய முடியுமா? முடியாது. அரசாங்கக் காகிதங்களில் ஒரு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, மற்றொரு கையால் துப்பாக்கிக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிக் கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையாகாது. வின்செஸ்டர் கம்பெனியாருடன் 1908-லேயே கடிதப் போக்குவரத்து ஆரம்பமாகிவிட்டது. கட்டை எவ்வளவு நீளம், குறிமுள் எந்த மாதிரி, தோட்டா எத்தனை என்று அவர் கேட்காத கேள்வி இல்லை.

விநோதமான பரிசு

அவர் கொண்டுபோன துப்பாக்கிகளில் மூன்று முக்கியமானவை. ஒன்று, தம் அளவுக்கேற்பக் கட்டை மாற்றப்பெற்ற 'ஸ்பிரிங்பீல்டு' ராணுவத் துப்பாக்கி. இரண்டாவது, .405 அளவுள்ள வின்செஸ்டர். சிங்கத்துக்கு இதுவே கைகண்ட மருந்து என்று அவர் பிற்பாடு பாராட்டியிருக்கிறார். மூன்றாவதுதான் நம் கதாநாயகன்: லண்டன் ஹாலந்து அண்டு ஹாலந்து கம்பெனியார் செய்த இரட்டைக் குழல் யானைத் துப்பாக்கி.

இதை அவர் விலை கொடுத்து வாங்கவில்லை. இங்கிலாந்திலிருந்த விலங்கியல் அறிஞர்களும் வேட்டைப் பிரியர்களும் சேர்ந்து பரிசாக அளித்தார்கள். எதற்காக? தேசிய வனங்களையும் காட்டுப் பாதுகாப்பு நிலங்களையும் ஏற்படுத்தி, அழியும் பிராணிகளைக் காப்பாற்றியதற்காக! அவர் தம் ஆட்சிக் காலத்தில் சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தைப் பாதுகாப்பில் கொண்டுவந்தார். மிருகங்களைக் காத்தவருக்கு மிருகங்களைக் கொல்லும் கருவி பரிசு! இதில் முரண்பாடு இருப்பதாகப் பரிசளித்தவர்களுக்கும் தோன்றவில்லை, பெற்றுக்கொண்டவருக்கும் தோன்றவில்லை. காலம் அப்படிப்பட்டது.

அந்தத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு '.500/.450' என்று பெயர். அதன் குண்டின் எடை 480 கிரெயின். வெள்ளி ரூபாய் வழங்கிய காலத்தில் ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 180 கிரெயின். எனவே, ஏறக்குறைய இரண்டே முக்கால் ரூபாய் எடையுள்ள உலோகக் கட்டி விநாடிக்குச் சுமார் 2,150 அடி வேகத்தில் பாய்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சாதாரணச் சிப்பாயின் .303 துப்பாக்கியைவிட அதன் வலிமை இரண்டு மடங்கு.

இங்கே நம் நாட்டுச் சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1907-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் இந்தியாவிலும் சூடானிலும் இந்த .450 அளவுத் துப்பாக்கிகளுக்குத் தடை விதித்தார்கள். பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளும் அதே அளவுதான். வேட்டைக்கென்று வரும் குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சமே காரணம். துப்பாக்கிக் கம்பெனியார் சும்மா இருப்பார்களா? .465, .470 என்று சற்றே அளவை மாற்றிப் புதுத் துப்பாக்கிகளைச் செய்து, துரைமார்களின் புலி வேட்டைக்குக் குறைவு வராமல் பார்த்துக்கொண்டார்கள். நம்மவர் நிலைமை வேறு. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாத இந்தியனைக் குற்றவாளியாக்கியது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. மகாத்மா காந்தி 1930-ல் வைஸ்ராயின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரவேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சா மூர்த்தி துப்பாக்கி கேட்டாரா என்று வியக்க வேண்டாம். அவர் கேட்டது துப்பாக்கியை அன்று; உரிமையை.

இரு குழல், ஒரு குறி

யானை வேட்டைக்கு இரட்டைக் குழல் ஏன்? அது உண்மையில் இரண்டு துப்பாக்கிகளை ஒன்றாகச் சேர்த்தது. குழல் இரண்டு, உள்ளிருக்கும் இயந்திரம் இரண்டு, விசையும் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும். முதல் வெடி தீர்ந்ததும் கையை எங்கும் எடுத்துச் செல்லாமல், விரலைச் சற்றே நகர்த்தினால் இரண்டாவது வெடி தயார்.

ஆனால் இரு குழல்களையும் ஒரே இடத்தில் சுடும்படி செய்வது எளிய காரியம் அன்று. பக்கத்தில் பக்கமாக நேர்கோட்டில் பற்றவைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. வலக்குழலைச் சுடும்போது துப்பாக்கி அதிர்ந்து மேலும் வலமுமாகத் திரும்புகிறது. இடக்குழலைச் சுட்டால் இடப்பக்கம் திரும்புகிறது. குண்டு வாயைவிட்டு வெளியேறுவதற்குள்ளேயே இந்தத் திருப்பம் தொடங்கிவிடும். ஆகவே இரு குழல்களின் வாய்களும் சற்றே நெருங்கும்படி வைத்துப் பற்றவைக்கிறார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதைக் கணக்கால் சொல்ல முடியாது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் சுட்டுப் பார்ப்பார். வாயருகே பற்றை இளக்கி, ஆப்பை மயிரிழை நகர்த்தி, மறுபடி பற்றவைத்து மறுபடி சுடுவார். வீணையின் மெட்டைச் சுருதி சேர்க்கும் வித்வானைப்போல, இரு குண்டுகளும் அருகருகே விழும்வரை அவர் ஓய்வதில்லை.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. எந்தத் தோட்டாவைக்கொண்டு துப்பாக்கியைச் சுருதி சேர்த்தார்களோ, அதே தோட்டாவைத்தான் காட்டிலும் பயன்படுத்த வேண்டும். மருந்தின் அளவோ குண்டின் எடையோ மாறினால் இரு குழல்களும் இரு திசை பார்க்கும்.

தோளும் கண்ணும்

அடுத்தது கட்டை. தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பதைப்போலத் துப்பாக்கிக்கும் அளவெடுக்கிறார்கள். கை நீளமானவனுக்கு நீண்ட கட்டை. கழுத்து உயர்ந்தவனுக்குத் தாழ்ந்த கட்டை. கண்ணை மூடிக்கொண்டு தோளில் தூக்கி வைத்துப் பின் கண்ணைத் திறந்தால், குறிமுள் இலக்கை நோக்கி நிற்க வேண்டும். புதரைப் பிளந்துகொண்டு யானை வரும்போது குறி பார்ப்பதற்கு அவகாசம் ஏது?

ரூஸ்வெல்ட்டுக்கு இது மற்றவர்களைக் காட்டிலும் முக்கியம். அவர் மூக்குக் கண்ணாடி இல்லாமல் தூரத்துப் பொருளைக் காண இயலாதவர். போதாததற்கு, ஜனாதிபதி மாளிகையில் நடந்த குத்துச்சண்டைப் பயிற்சியில் இடக்கண்ணில் பட்ட அடியால் அந்தக் கண்ணின் பார்வையும் மங்கிப்போயிற்று. பல ஆண்டுகள் இதை அவர் வெளியே சொல்லவில்லை. தாம் சிறந்த குறிகாரர் அல்லர் என்பதை மட்டும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். குறையை அறிந்தவன் ஆயத்தத்தில் குறை வைப்பதில்லை.

புதுத் துப்பாக்கியை வாங்கியவன் உடனே மேஜைமேல் சாய்த்துவைத்துச் சுடக் கூடாது. பத்துப் பதினோரு ராத்தல் எடையுள்ள அந்தத் துப்பாக்கியின் உதை கழுதை உதைக்குச் சமானம். நின்றுகொண்டு சுட்டால் உடம்பு பின்னால் சாய்ந்து அதைத் தாங்கிக்கொள்ளும். மேஜைமேல் குனிந்திருந்தால் தோளெலும்புதான் தாங்க வேண்டும். பயந்த தோள், விசையைத் தொடும்போதே நடுங்கும். நடுங்கிய தோளுக்குக் குறி தப்பும். அதனால் நாளொன்றுக்குச் சில வெடிகளே சுட்டுப் பழக வேண்டும்.

உஷ்ணமும் உப்பும்

தோட்டா விஷயத்திலும் கவலை உண்டு. அதிலுள்ள 'கார்டைட்' என்னும் புகையற்ற மருந்து, குளிர் தேசத்தில் ஒருவிதமாகவும் உஷ்ண தேசத்தில் வேறுவிதமாகவும் எரியும். வெயிலில் காய்ந்த தோட்டா அதிக அழுத்தத்தோடு வெடித்து, வெற்றுக்கூடு குழலுக்குள் இறுகிக்கொள்ளக்கூடும். மதம் பிடித்த யானை எதிரே நிற்க, கூட்டை நகத்தால் பிடுங்கிக்கொண்டிருப்பவனுடைய கதி என்ன? ஆகையால் உஷ்ண தேசங்களுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்தார்கள். புத்திமான் ஒவ்வொரு தோட்டாவையும் புறப்படுமுன்பே குழலில் இட்டு, வழுக்கிச் செல்கிறதா என்று சோதித்துக்கொள்வான். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் முழுக்கக் கவசமிட்ட குண்டு. சிங்கத்துக்கு நுனி மெதுவான குண்டு. இரண்டும் கலந்துவிடாமல் தனித்தனியே அடுக்க வேண்டும்.

அக்காலத்துத் தோட்டாக்களின் அடியிலிருந்த வெடிப்பூவில் ஒருவகை உப்பு உண்டாயிற்று. அது குழலுக்குள் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, ஓரிரவில் துருப்பிடிக்கச் செய்துவிடும். எண்ணெய்க்கு அது கரையாது. கொதிக்கும் நீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, பிறகுதான் எண்ணெய் தடவ வேண்டும். உள் இயந்திரத்துக்கோ எண்ணெய் மிகவும் குறைவாக இருக்க வேண்டும். அதிகமானால் ஆப்பிரிக்கப் புழுதி அதில் ஒட்டிக் குழம்பாகிவிடும்.

தோட்டாக்களைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, காற்றுப் புகாமல் ஈயம் பற்றவைத்தார்கள். கானகத்தில் மூட்டைகள் செல்வது மனிதர் தலைமேல். ஓர் ஆளுக்கு அறுபது ராத்தல் என்பது வழக்கம். வெள்ளைக்காரர் சிலர் வேட்டையாட, கறுப்பர் இருநூறு பேருக்கு மேல் சுமந்தார்கள். தோல்களைப் பதம் செய்ய மட்டும் நான்கு டன் உப்பு சென்றது. வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிச் சாலைக்காக மிருகங்களைச் சேகரிப்பதே யாத்திரையின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. படிப்பதற்காகப் பன்றித் தோலில் கட்டிய சுமார் அறுபது புத்தகங்களும் ஓர் ஆள் சுமையாகப் போயின.

அந்த ஒரு விநாடி

இத்தனை ஆயத்தமும் எதற்காக என்பது கெனியா மலைச்சாரலின் அடர்ந்த காட்டில் தெரியவந்தது. கனிங்ஹாம் என்ற வழிகாட்டி உடன் வர, ரூஸ்வெல்ட் யானைக் கூட்டத்தை நெருங்கினார். பெரிய கொம்பன் ஒன்றின் மூளையைக் குறிவைத்து முதல் குழலைச் சுட்டார். யானையின் தலை பெரிது, மூளையோ சிறிது. குண்டு மூளையில் படவில்லை. ஆயினும் அதிர்ச்சியால் யானை தள்ளாடியது. உடனே இரண்டாவது குழல் வெடித்தது. யானை சாய்ந்தது.

அதே கணத்தில் இடப்பக்கத்துப் புதர் பிளந்தது. மற்றொரு கொம்பன் பாய்ந்து வந்தது. துதிக்கையை நீட்டினால் அவரைத் தொட்டுவிடும் தூரம். துப்பாக்கியிலோ இரு குழலும் காலி! ரூஸ்வெல்ட் ஒரு மரத்தின் பின்னே தாவினார், துப்பாக்கியைத் திறந்தார், வெற்றுக் கூடுகள் வெளியே விழுந்தன, புதிய தோட்டாக்கள் இரண்டு உள்ளே நுழைந்தன. அதற்குள் கனிங்ஹாம் சுட்ட வெடிகளால் அந்த யானை திரும்பிக் காட்டுக்குள் மறைந்தது. கூடு மட்டும் அன்று இறுகியிருந்தால்? புதுத் தோட்டா வழுக்காமல் நின்றிருந்தால்? அமெரிக்கச் சரித்திரத்தில் சில பக்கங்கள் வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும்.

1910-ம் வருஷம் மார்ச்சு மாதம் யாத்திரை கார்ட்டூமில் முடிந்தது. தந்தையும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்டுக் கொன்ற பெரிய மிருகங்கள் 512. யானை 11, சிங்கம் 17, காண்டாமிருகம் 20. அவற்றுள் ஒன்பது, நைல் நதிக்கரை லாடோ பிரதேசத்து வெள்ளைக் காண்டாமிருகங்கள். அவை அப்போதே அருகிவந்தவை என்பது ரூஸ்வெல்ட்டுக்குத் தெரியாததன்று.

அந்த இனத்தை அந்த ஒன்பது குண்டுகள் அழித்துவிடவில்லை. பின்னால் வந்த கள்ள வேட்டையும் உள்நாட்டு யுத்தங்களுமே அழித்தன. ஆயினும் கணக்கின் முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1972-ல் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-ல் கெனியா தேசம் வேட்டையையே தடை செய்தது. 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம், அதே கெனியாவில், 'சூடான்' என்று பெயர் சூட்டப்பெற்ற வட வெள்ளைக் காண்டாமிருகம் ஒன்று முதுமையால் இறந்தது. உலகத்தில் அந்த இனத்தின் கடைசி ஆண் அது. மிஞ்சி நின்றவை, ஒரு தாயும் அதன் மகளும்.

கிழட்டுச் 'சூடானை'க் கள்ள வேட்டைக்காரரிடமிருந்து காப்பாற்ற, இரவும் பகலும் காவலர்கள் அதன் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் தோளிலும் துப்பாக்கி இருந்தது. தினந்தோறும் துடைத்து, எண்ணெயிட்டு, ஆயத்தமாக வைத்திருந்தார்கள்.